பாரணைச் சோறு

சாம்பாருக்குத் தாளிக்கிற நேரம் பார்த்துத்தான் ஜெயமாலா எழுந்து வெளியே போவாள். நாலாம் வகுப்புக்கும் சமையல் கொட்டகைக்கும் நடுவில் இருந்தது ஒரு கீற்றுத் தட்டி மட்டும்தான். அரிசி கொதிக்கும்போதும் பருப்பு வேகும்போதும் அவள் பாட்டுக்குச் சிலேட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். கடுகு வெடித்து, வெங்காயம் எண்ணெயில் விழுந்து, வாசனை தட்டியைத் தாண்டியதும் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒன்றுக்குப் போகிறவர்கள் கொல்லைப் பக்கம் போகவேண்டும். இவளோ நேர் எதிர்ப்பக்கமாக நடந்து, ராஜகிரி மலையிலிருந்து என்றைக்கோ உருண்டு வந்து பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்துவிட்ட பெரிய பாறைக்குப் பின்னால், காற்று வராத பக்கமாகப் போய் நின்றுகொள்வாள். செல்லம்மாள் கரண்டியும் கையுமாக இதை நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

செல்லம்மாள் அந்த ஆரம்பப் பள்ளியில் மதிய உணவு சமைப்பவள். நாற்பது வயது இருக்கும். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் ஊரார் கழனியிலேயே நாற்று நட்டும் களை பறித்தும் காலம் தள்ளியவள். புருஷன் செத்த வருஷம் தலைமையாசிரியர் இளையபெருமாள் கூப்பிட்டு அவளை இந்த அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். முதல் மூன்று மாதம் சில வீடுகளில், அவள் கையால் வாங்கித் தின்னாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அறுபத்தைந்தாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வயிறு பேச ஆரம்பித்ததும் வீட்டார் பேச்சு எடுபடவில்லை. ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளும், தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்ற பெண்களும் மத்தியானச் சோற்றுக்காக வந்து, வந்த இடத்தில் இரண்டு எழுத்தும் கற்றுக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் அரிசி கிடைக்காமல் கப்பலில் வந்த கோதுமை ரவையைக் கிண்டிப் போட்டாலும், முகத்தைச் சுளித்துக்கொண்டே வழித்துத் தின்றார்கள். எழுத்து சொல்லிக்கொடுக்க வாத்தியார்கள் இருக்கலாம், பிள்ளைகளை இழுத்து வருவது தன் கரண்டிதான் என்று செல்லம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு. வெளியே சொல்லமாட்டாள். சொன்னால் இளையபெருமாளே சரி என்பார்.

யார் யாருக்குச் சோறு என்று ஒரு பட்டியல் இருந்தது. ஏழைப் பிள்ளைகளின் பெயர்கள் அதில் வரும். ஜெயமாலாவின் பெயர் வரவில்லை. வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை, ஏனென்றால் அவள் மல்லிநாத நயினாரின் பேத்தி. ஒரு காலத்தில் செஞ்சியில் அந்தச் சமண வீட்டுக் களத்தில் நெல் கூட்டி வைத்தால் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். பெரியவர் போனார். பங்காளி வழக்கில் நிலம் போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சலில் ஜெயமாலாவின் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் அம்மா நீலாஞ்சனாவும் இந்த ஒன்பது வயதுப் பெண்ணும், பாதியாகப் பிரிந்த வீடும். வீடு மட்டும் பழைய உயரத்திலேயே நின்றது. அத்தனை உயரமான வீட்டுக்குள் உலை கொதிக்கிறதா என்று யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

இளையபெருமாள் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. சீர்காழிப் பக்கத்துக்காரர். இந்த ஊர் வழக்கம் எல்லாமே அவருக்குப் புதுசு, அதிலும் நயினார்கள் என்றால் ஏகப்பட்ட மரியாதை. பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார்கள், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்கமாட்டார்கள் என்று வியந்து வியந்து பேசுவார். நாலாம் வகுப்பை அவரேதான் எடுத்தார். ஒரு நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பாறை ஓரம் நின்ற ஜெயமாலாவைப் பார்த்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லையா என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு நோன்பு என்றாள். மனிதர் உருகிப்போய்விட்டார். மறுநாள் காலைக் கூட்டத்தில் அவளை மேடையில் ஏற்றி, இரண்டாவது கரண்டிக்கு அடித்துக்கொள்ளும் பயல்களே, இந்தக் குழந்தையைப் பாருங்கள் என்று பத்து நிமிஷம் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜெயமாலா அவ்வளவு பேருக்கு முன்னால் காலையிலும் எதுவும் சாப்பிடாத வயிற்றோடு நின்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது. எந்த மத்தியானம் கேட்டாலும் நோன்பு. பிள்ளைகள் அவளுக்கு நோன்பு ஜெயமாலா என்றே பெயர் வைத்தார்கள். காலையில் கணக்கில் அவள்தான் முதல் ஆள், மற்றவர்கள் விரல் மடக்குவதற்குள் விடை எழுதிச் சிலேட்டைத் திருப்பிக் காட்டிவிடுவாள். மத்தியானத்துக்கு மேல் இருபத்தேழோடு பதினெட்டைக் கூட்டச் சொன்னால் முப்பத்தைந்து என்று எழுதிவிட்டு, பல்பத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருப்பாள். விரதக் களைப்பு என்று இளையபெருமாள் அவளை எதுவும் சொல்லமாட்டார். கெட்டவன் செய்கிற தப்பாக இருந்தால் சண்டைக்குப் போகலாம். நல்லவர் செய்கிற தப்பை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்?

செல்லம்மாளுக்கு நோன்பு தெரியும். பதினைந்து வருஷம் நயினார் கழனியில் பாடுபட்டவள் அவள். மாதத்தில் நாலே நாள். அமாவாசைக்கு முதல் நாள், பௌர்ணமிக்கு முதல் நாள், இரண்டு அட்டமி. அந்த நாட்களில் அந்த வீட்டில் பச்சைக் கீரை பறிக்கக்கூடாது, அதனால் கீரைப் பாத்தி வேலை இருக்காது. கூலிக்காரர்களுக்கு அந்தக் கணக்கு பஞ்சாங்கம் பார்க்கிறவர்களைவிட நன்றாகத் தெரியும். நோன்பு முடிந்த மறுநாள் பாரணை. நோன்பிருந்தவர் இலையில் உட்கார, சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு கரண்டி பரிமாறப் போட்டி போடுவார்கள், பரிமாறினவருக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டாம். செல்லம்மாள் அதற்கு வாழை இலை அறுத்துக் கிணற்றடியில் வைத்துவிட்டு வருவாள். கிணற்றடியைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை.

இப்போதோ, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம் பஸ்ஸும் மாட்டுவண்டியுமாகப் போய் ஓய்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாம் பிறையில் எந்த நயினார் வீட்டில் நோன்பு? அது தோன்றியதும் கையில் இருந்த கரண்டி குண்டானுக்குள் நழுவி விழுந்தது. பசியைப் பார்த்தால் தெரியாதவளா அவள்? பாறைக்குப் பின்னால் போய் நிற்கிற பசியைத் தன் கண்ணாலேயே நாலு நாள் பார்த்துவிட்டு, பக்தி என்று நினைத்து அடுப்பை ஊதிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

தலைமையாசிரியரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தாள். சொன்னால் அன்றைக்கே பட்டியலில் பெயர் ஏறும். மறுநாள் காலைக் கூட்டத்தில் கண்கலங்கி அதையும் பத்து நிமிஷம் பேசுவார். பேச்சு தெருவுக்குப் போகும். அதற்கு மறுநாள் நீலாஞ்சனா பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பமாட்டாள். கூட்டல் கணக்கும் போய்விடும். சாயங்காலம் அடுப்பை மெழுகிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியை விட்டு நயினார் தெருவுக்குள் திரும்பினாள்.

கிணற்றடியில் வேர்க்கடலைத் தோல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. பின்கட்டுத் தாழ்வாரத்தில் நீலாஞ்சனா விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். விதைக்கான பருப்பு சிதையக்கூடாது என்பதால் ஒவ்வொன்றாகக் கையால்தான் உடைக்கவேண்டும். யாரோ ஒரு வியாபாரி மூட்டையாக அனுப்புகிறார் போலிருக்கிறது, தெருவுக்குத் தெரியாமல். இரண்டு கட்டைவிரலும் வெடித்துத் துணி சுற்றியிருந்தாள். செல்லம்மாளைப் பார்த்ததும் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். உள்ளே அடுப்பில் சின்னதாக ஒரு பானை. பொழுது சாய்வதற்குள் சாப்பிடவேண்டிய அந்த ஒரு வேளைக்கானது. ஜெயமாலா முன்கட்டில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று கோர்த்துக்கொண்டு வந்தது அத்தனையும் செல்லம்மாளுக்கு மறந்துபோனது. "பாப்பா நெறய நோன்பு இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

 நீலாஞ்சனா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு வேள சாப்புடறதும் எங்கள்ல நோன்புதான், செல்லம்மா. இல்லாதவங்க வீட்டுல அதுக்கு வேற பேரு. அந்த வாத்தியாரா ஒரு நல்ல பேரு வெச்சாரு. இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

ஐயோ என்று வாய் வரைக்கும் வந்ததைச் செல்லம்மாள் விழுங்கினாள். இந்த வீட்டில் அந்தச் சொல்லை விட்டால் அதோடு கதவு சாத்திவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, வேறு எதையோ கேட்க வந்தவள் மாதிரி கேட்டாள்.

"நான் எனக்குன்னு ஒண்ணு கேக்க வந்தேம்மா. பெரிய நயினாரு காலத்துல பாரணைக்கு எத்தினியோ வாட்டி எல அறுத்துக் குடுத்துருக்கேன். எலையில ஒரு கரண்டி வெக்க எனக்கு வாய்க்கல. பாப்பா நோன்ப என் கையால முடிச்சி வெச்சா எனக்கும் துளி புண்ணியம் கெடைக்கும். வெங்காயம் போட மாட்டேன், பூண்டு போட மாட்டேன், கெழங்கு கிட்டயே போவ மாட்டேன். தண்ணிய நாலா மடிச்ச துணியில வடிகட்டித்தான் ஊத்துவேன்."

 இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும், தெரியும் என்பதும் தெரியும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் அழுகை வந்திருக்கும். கடைசியில் நீலாஞ்சனா துணி சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டே, "பாரணைன்னா நோன்புக்கு மறுநாள்தான்" என்றாள்.

"தெரியும்மா."

"அப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதுக்கு மேல வேணாம்."

செல்லம்மாளுக்கு வாதாட வேண்டும்போல இருந்தது. அந்த வீட்டுக்கு மிஞ்சியிருந்த மானத்துக்கு அதுதான் விலை என்று புரிந்ததால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். ஒன்றுமில்லாத வயிற்றுக்குப் பாதி வந்ததே என்று வழியில் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இளையபெருமாளிடம் பாரணை விஷயத்தைச் சொன்னபோது அவர் இன்னும் மகிழ்ந்துபோனார். புண்ணியத்தில் தனக்கும் பங்கு வேண்டும் என்று பாரணை நாட்களில் தானே கரண்டியை வாங்கி முதல் கரண்டியைப் பரிமாறினார். ஜெயமாலா தாத்தாவின் பெயர் வெட்டிய கனத்த வெண்கலத் தட்டைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். வரிசையில் மற்றவர்களுடைய அலுமினியத் தட்டுகளுக்கு நடுவில் அது ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு பிள்ளைக்கு என்று தனியாகச் சமைக்க முடியுமா? அந்த நாட்களில் எல்லோருக்குமே வெங்காயம் கிடையாது. பெருங்காயத்தைக் கூடப் போட்டு, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு என்னென்னவோ செய்து பார்த்தாள் செல்லம்மாள். பயல்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். இன்னிக்கி நோன்பு சாம்பார்டா என்று ஒருவன் ஆரம்பிக்க, எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் குண்டானில் மிஞ்சியது ஒன்றும் இல்லை.

முதல் நாள் ஜெயமாலா அவசரமே இல்லாமல், பெரிய மனுஷி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். யாராவது பார்க்கிறார்களா என்று அடிக்கடி நிமிர்ந்து பார்த்தாள். தட்டியின் இடுக்கு வழியாகச் செல்லம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளையாக இருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்து, வாயைத் திறடி என்று ஊட்டிவிட்டிருப்பாள். அன்று மத்தியானம் கணக்கில் எல்லாமே சரி. பிறகு ஒவ்வொரு பாரணை நாளும் அப்படித்தான். இளையபெருமாள் தட்டியோரம் வந்து, பாரணை நாளில் குழந்தைக்குப் புத்தி எப்படித் தெளிகிறது பார்த்தாயா, எல்லாம் விரதத்தின் மகிமை என்றார். விஷயத்தின் வாசல் வரைக்கும் வந்து கதவைத் தட்டாமல் திரும்பிப் போகிற அந்த மனிதரைப் பார்த்து, செல்லம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, கரண்டியால் ஒன்று போடலாமா என்றும் இருந்தது.

ஆனால் நடுவில் வரும் அந்த நாட்கள் அப்படியே இருந்தன. பார்க்கப்போனால் முன்னைவிட மோசம். ஒன்றுமே கிடைக்காதபோது அடங்கிக் கிடந்த வயிறு, முந்தின நாள் தின்ற ருசியில் மறுநாள் சும்மா இருக்க மறுத்தது. ஜெயமாலா இப்போதெல்லாம் தாளிக்கும் வரைக்குக்கூட உட்காருவதில்லை. அரிசி களைகிற சத்தத்துக்கே எழுந்து போனாள். அந்த நாட்களில் பயல்களுக்காகச் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போட்டுத் தாளித்தாள் செல்லம்மாள். அந்த வாசனை தன் மூக்கில் ஏறும்போதெல்லாம் எதற்காகவோ திட்டு வாங்கினவள் மாதிரி உடம்பு குறுகியது. வெங்காயத்தை அடியோடு நிறுத்திவிட அவளால் முடியும். அந்த அம்மாவின் வார்த்தையைத் தாண்ட முடியாது.

கார்த்திகை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. நோன்பு நாள். முதல் பந்திப் பிள்ளைகள் எழுந்து தொட்டியடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெயமாலா பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். நோன்பு நாளில் வீட்டிலிருந்து தட்டு வராது. நேரே தொட்டியடிக்குப் போய், கூடப் படிக்கிற சின்னப்பொண்ணுவிடம் என்னவோ சொல்லி, அவள் கழுவின அலுமினியத் தட்டை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு வந்து குண்டானுக்கு முன்னால் வரிசையில் கடைசியாக நின்றாள். 

தாழ்வாரத்துத் தூண் ஓரம் நின்றிருந்த இளையபெருமாள் வழக்கமான சந்தோஷத்தோடு, "என்னம்மா, இன்னைக்கு நோன்பு இல்லையா?" என்று கேட்டார்.

ஜெயமாலா இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"இல்ல சார். எனக்குப் பசிக்குது."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பந்தியில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. பசி என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை அங்கே யாரும் இல்லை.  பாறை, பல்பம், மத்தியானத்தில் தப்பாகப் போகிற கூட்டல், பாரணை நாளில் தெளிகிற புத்தி, மேடையில் ஏற்றி நிறுத்திப் பேசிய அந்தப் பத்து நிமிஷம், எல்லாம் இளையபெருமாள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போனதைச் செல்லம்மாள் பார்த்தாள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

செல்லம்மாள் சாம்பாருக்குள் கரண்டியை விடப் போனாள். ஜெயமாலா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "சாம்பார் வேணாம் ஆயாம்மா, வெங்காயம் இருக்குது. வெறும் சோறு போதும்" என்றாள். அந்தப் பசியிலும் அதை அவள் விடவில்லை. செல்லம்மாள் சோற்றை அள்ளி வைத்து, உப்பைத் தூவி, காலையில் பிள்ளைகளுக்குக் கரைத்ததில் மிஞ்சியிருந்த பவுடர் பாலை ஊற்றினாள்.  விளக்கு வைப்பதற்குள் இந்தச் சொல் நயினார் தெருவுக்குப் போய்விடும். நாளைக்கு இந்தப் பெண் வருவாளோ, வீட்டோடு நிறுத்திவிடுவார்களோ. சாயங்காலம் மறுபடியும் அந்தக் கிணற்றடிக்குப் போய் நிற்கவேண்டும். இந்தத் தடவை எதைச் சொல்லிக் கேட்பது என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. போகாமல் இருக்கப்போவதில்லை, அது மட்டும் தெரிந்தது.

ஜெயமாலா பெரிய மனுஷி மாதிரி சாப்பிடவில்லை. குனிந்த தலை நிமிராமல் அள்ளி அள்ளித் தின்றாள். முடித்துவிட்டு எழுந்து வந்து, எல்லாப் பிள்ளைகளையும் போல, ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டாம் முறை தட்டை நீட்டினாள். அதற்குள் கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. பிள்ளைகள் மைதானத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடினார்கள். நீளமான தாழ்வாரத்தில் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியான வகுப்புக்கு மணி அடிக்கிற நேரம் வந்தது. இளையபெருமாள் இறங்கிப்போய், வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் நின்று இரும்புக் கம்பியை ஓங்கினார். தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தார். கை அப்படியே இறங்கியது. ஒரு பையன் ஓட்டத்தை நிறுத்தி, சார் ஏன் இன்னும் அடிக்கவில்லை என்பது போலப் பார்த்துவிட்டு, கிடைத்தது லாபம் என்று மறுபடி விளையாட ஓடினான். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் கம்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றார். ஜெயமாலா தட்டின் ஓரத்தில் ஒட்டிய பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.